தண்ணீர் மட்டும்

ஆவுடையப்பன் வீட்டு அடுப்பில் எரிகிற தீ கண்ணுக்குத் தெரியாது. ஒளித்தாள் தரும் வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, புகையும் இல்லை. எரிவது தெரியாமல் யாரும் கையை நீட்டிவிடக் கூடாதென்று அடுப்பின் வாயில் கம்பிவலை பதித்திருந்தார்கள். தீ பிடித்ததும் வலை சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் உலை வைக்க வேண்டும்.

தாள் மொட்டைமாடியில் இருந்தது. கதவளவு அகலத்தில் ஒரு தொட்டி, அதில் கணுக்கால் நனையாத அளவு தண்ணீர், தண்ணீருக்குள் பழுத்த புகையிலை நிறத்தில் விரித்த தாள், மேலே சாய்வாகக் கண்ணாடி மூடி. வெயில் பட்டதும் தாளின் முகமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வெயிலை வாங்கித் தண்ணீரை உடைத்து வாயுவைக் கொடுத்துவிடும். கோவில்பட்டிக்கு மழையைக் கிள்ளிக் கொடுத்த கடவுள் வெயிலை மட்டும் அள்ளிக் கொடுத்திருந்தான். அந்த ஊருக்கென்றே செய்த மாதிரி இருந்தது தாள். கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஓர் ஓடை வைத்து, பெய்கிற தூறலும் இறங்குகிற பனியும்கூட வீணாகாமல் தொட்டிக்குள்ளேயே போய்விடும்படி அமைத்திருந்தாள் செண்பகவல்லி. தாளைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆவுடையப்பனின் மகள்.

ஆனால் ஊரில் அதற்கு ஆவுடையப்பன் தாள் என்றுதான் பெயர். அவர் காதில் விழும்படி யாராவது அப்படிச் சொன்னால், "என் பேரை எதுக்குய்யா இழுக்கீங்க, அவ படிச்சா, அவ செஞ்சா" என்பார். சொல்லும்போது முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

பணியில் இருந்த காலத்தில் அவர் எடையளவுத் துறை ஆய்வாளர். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்துகிற வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். அவர்கள் குத்திய முத்திரை இருந்தால் பஜாரில் யாரும் மறுநிறை போட்டுப் பார்க்கமாட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு முத்திரைக் கட்டை கையை விட்டுப் போனதே தவிர அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவில் நடந்து போனாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான் நடப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய வேட்டிக்குக் கஞ்சி போடுவது நிற்கவில்லை. தானே கஞ்சியில் முக்கி, பிழியாமல் உதறி, மாடிக் கொடியில் விரித்துவிடுவார். காய்ந்ததும் தகரத் தகடு மாதிரி நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு குனிவது சிரமம். அவருக்குக் குனியவேண்டிய வேலையும் இருந்ததில்லை.

சமையலுக்கு வந்துகொண்டிருந்தவள் மாடத்தி. வடிகிற கஞ்சியில் முதல் கிண்ணம் அய்யா வேட்டிக்கு, மிச்சம் அவளுடைய தூக்குவாளிக்கு. இது பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. ஒருநாள் தொடங்கியது, அப்படியே போயிற்று. அந்தக் கஞ்சி என்னவாகிறது என்று அவர் கேட்டதும் இல்லை. ஒருமுறை ரேஷன் கடைக்குப் போகிற வழியில் அவளுடைய தெருவைக் கடந்தார். வாசல் திறந்திருந்தது. அவளுடைய மாமனாரும் இரண்டு பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து, உப்புப் போட்ட கஞ்சியைச் சுட்ட மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். மதியச் சாப்பாடே அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று எட்டி நடந்தார்.

கண்புரை அறுவைக்கு மதுரை போய் வந்த பிறகு கொஞ்ச நாள் மாடிப்படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். கஞ்சியும் இல்லை, கொடியும் இல்லை. துவண்ட வேட்டியோடு அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மாடியில் தண்ணீர் ஊற்றும் வேலை மாடத்தி கைக்குப் போயிற்று. அந்த நாட்களில் அடுப்பும் துவண்டது.

"அய்யா, வல செவக்கவே மாட்டேங்கு. இந்த உல கொதிக்கதுக்குள்ள எம் மக சமஞ்சிருவா போலுக்கு."

"மூடி போட்டு வையி. நீ தண்ணி சரியா ஊத்தியிருக்க மாட்டே."

"ஆமா, தண்ணி ஊத்தக்கூடப் படிச்சிட்டு வரணுமாக்கும்."

"வாய்தான் உனக்கு."

"வாயிருக்கப் போயித்தான அய்யா இந்த வீட்ல பேச்சுச் சத்தம் கேக்கு."

தாளில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புதுக் கண்ணுக்குச் சிவப்பு குறைவாகத் தெரிகிறதோ என்றுகூட நினைத்துக்கொண்டார். பிறகு படியேறலாம் என்று டாக்டர் சொன்னார், வேட்டி மறுபடியும் கொடிக்குப் போயிற்று, அடுப்பும் பழையபடி சிவந்தது. "மக வாறான்னு தாளுக்கும் தெரிஞ்சுபோச்சி பாருங்க" என்று சிரித்தாள் மாடத்தி.

மகள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு மனம் என்னவோ போல் ஆயிற்று. காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிடும்போதே கண் மூடிமூடித் திறந்தது.

"நாளைக்குக் காலைல குழு வருதுப்பா. இதான் கடைசி. இதுல தேறிட்டா மாவட்டம் முழுக்க ரேஷன் கார்டு வீட்டுக்கெல்லாம் தாள் குடுத்திருவாங்க."

கஞ்சியை வடித்துக்கொண்டிருந்த மாடத்தி திரும்பிப் பார்த்தாள். "அப்போ சிலிண்டர நிறுத்திருவாகளாமே அக்கா? கடையில பேசிக்கிட்டாக."

"தாள் வந்தப்புறம் சிலிண்டர் எதுக்கு? வெயிலும் தண்ணியும்தான் செலவு."

"அது சரி. வெயிலுக்குக் கார்டு கேக்காம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு மாடத்தி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அப்புறம் ஏன் முகம் இப்படிக் கிடக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

செண்பகம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "சோதனைக்குக் குடுத்த மத்த வீட்டுல எல்லாம் தாள் சோந்துபோச்சுப்பா. ரெண்டு மூணு மாசம் ஓடுது, அப்புறம் படுத்துருது. நம்ம வீட்டுத் தாள் ஒண்ணுதான் நிக்குது. அங்கெல்லாம் உப்புத்தண்ணி ஊத்தியிருப்பாங்க, கண்ணாடியத் துடைச்சிருக்க மாட்டாங்கன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எதிர்க்கட்சிக்காரங்க தாளே சரியில்லங்காங்க."

"யாரு எதிர்க்கட்சி?"

"புனாவுல ஒரு கூட்டம். அவங்க தாளும் வாயு தருது. ஆனா தண்ணியோட ஏதாவது கலந்து குடுக்கணும். வெயில் பட்டா தண்ணியில ஒரு பாதி சுலபமா வாயுவாப் பிரிஞ்சு போயிரும்ப்பா. இன்னொரு பாதிதான் வம்பு. அது போறதுக்கு வழி தெரியாம தாளையே அரிக்க ஆரம்பிச்சிரும். அதுக்குப் பதிலா அரிச்சுத் திங்கிறதுக்கு வேற ஒண்ணப் போட்டுட்டா தாள் பிழைச்சுக்கும். சாராயம், சர்க்கரை, மாவு, ஏதோ ஒண்ணு. அதுக்குப் பேரே பலிப்பொருள்."

"பலியா?"

"பலிதான். ஒண்ண அழிச்சு இன்னொண்ண எடுக்கிறது. அப்படி எடுத்தா அது தண்ணியில இருந்து எடுத்த வாயுன்னு சொல்ல முடியாது. நம்ம தாள் யாரையும் பலி கேக்காது. பத்து வருசமா நான் அதத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன், சொல்லிக்கிட்டு இருக்கேன்." கொஞ்சம் சிரித்தாள். "என் ஸ்டூடண்ட் ஒருத்தன், உங்க வீட்டு வாயுல கரி கலந்திருக்கான்னு ஒரு தடவை சோதிச்சிருவோம் மேடம், பலிப்பொருள் உள்ள போயிருந்தா அது காட்டிக் குடுத்துரும்ன்னான். எங்கப்பா தண்ணி மட்டும்தான்னு சொல்லிட்டா அது தண்ணி மட்டும்தான்டான்னு சொல்லிட்டேன். குழுவுலயும் அதையே ஒத்துக்கிட்டாங்க. வாயுவ மீட்டர் அளந்துரும்ப்பா. தொட்டிக்குள்ள என்ன போச்சுங்கிறத அளக்க மீட்டர் கிடையாது. அதுக்கு ஒரு மனுசனோட சொல்லுதான் இருக்கு."

ஆவுடையப்பன் பாதிச் சோற்றில் கை கழுவினார். மாவு என்கிற சொல்லை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார்.

சாயங்காலம் மகள் அயர்ந்து தூங்கினாள். அவர் மாடிக்கு ஏறினார். கொடியில் காலையில் போட்ட வேட்டி விறைத்து நின்றது. கொடிக்கு நேர் கீழே தொட்டி. மனைவி இருந்தவரைக்கும் கொடி மறுபக்கச் சுவரில்தான் இருந்தது. தொட்டி வந்தபோது குழாய் இறக்க இடம் வேண்டுமென்று மேஸ்திரி இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினான். அவர்தான் இடம் காட்டினார், இங்கேதான் வெயில் நேராக விழும், வேட்டிக்கும் நல்லது என்று.

கண்ணாடியில் நீளநீளமாக வெள்ளைக் கோடுகள். கோடுகள் எல்லாம் கீழே ஓடைக்குப் போயின. வேட்டி இடித்தது, முட்டி வலித்தது, ஆனாலும் குனிந்தார். நகத்தால் ஓடையைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார். சோதிக்க என்ன இருக்கிறது. தினமும் கையால் அளைந்த கஞ்சி. கண் கட்டி உட்கார்ந்திருந்த நாட்களில் அடுப்பு ஏன் படுத்தது என்பதும், படியேறியதும் ஏன் எழுந்தது என்பதும் தராசின் இரண்டு தட்டுகளைப் போல அவர் முன்னால் வந்து நின்றன. முள் ஆடவே இல்லை.

மகள் எழுந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

செண்பகம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மத்த வீட்டுக்காரங்க ஒழுங்காத்தான் இருந்திருக்காங்க. அவங்களத்தான் நான் ஊர் முழுக்கக் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"நாளைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிரணும்."

"என்னன்னு சொல்ல? எனக்குன்னு இருக்கிறது எல்லாம் இந்தத் தாள்தான்ப்பா. கல்யாணம் பண்ணல. அம்மா படுத்திருந்தப்பக்கூட லேப்லதான் இருந்தேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். தொட்டியில என்ன ஊத்துனீங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க ஊத்துனது தண்ணிதானே?"

"ஊத்துனது தண்ணிதான்."

"அத மட்டும் சொல்லுங்க."

ஆவுடையப்பன் காபித் தம்ளரை நகர்த்தி வைத்தார். "படிக்கல்லுக்கு அடியில ஈயத்தக் குடைஞ்சு எடுத்துட்டு, நான் கல்லத் தொடவே இல்ல, ஈயத்தத்தான் தொட்டேன்னு சொல்லுவான் கடைக்காரன். அப்படிச் சொன்னவன் கடைய எல்லாம் பூட்டியிருக்கேன் நான்."

"உங்களுக்கு உங்க முத்திரைதான் பெருசு."

"அது உனக்கும் சேத்துத்தான்ட்டி குத்தினது."

செண்பகம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலையில் குழு வந்தது. தலைவர் ஜெபராஜ், பருத்த உடம்பு, சிரித்த முகம். கூட வந்த இளம் அதிகாரிப் பெண் ஒரு கணினிப் பலகையைக் கையில் ஏந்தி எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்தாள். மாடிப்படி ஏறியதில் ஜெபராஜுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயாவுக்கு என்னத் தெரியாது. எங்கப்பா எட்டயபுரம் ரோட்டுல மளிகைக் கடை வச்சிருந்தாரு. ஒருதடவ நீங்க எங்க படிக்கல்லப் பறிச்சுட்டுப் போயிட்டீங்க. சாகுறவரைக்கும் உங்களத் திட்டுனாரு. ஆனா உங்க முத்திரை இருந்தா அதுக்குமேல பேச்சு கிடையாதும்பாரு. அதனாலதான் மகளோட கண்டுபிடிப்புக்கு அப்பா சாட்சியான்னு டில்லியில கேட்டப்ப, நீங்க அவரப் பாத்ததில்லன்னு சொன்னேன்." மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சரி, சம்பிரதாயத்துக்குக் கேட்டுருவோம். தொட்டிக்குள்ள என்ன போச்சு ஐயா? தண்ணி மட்டும்தானே?"

செண்பகம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நின்றாள்.

"ஊத்துனது நான். ஊத்துனது தண்ணி மட்டும்தான்" என்றார் ஆவுடையப்பன். "ஆனா உள்ள போனது தண்ணி மட்டும் இல்ல."

கொடியைக் காட்டினார். கண்ணாடிக் கோடுகளைக் காட்டினார். ஓடையில் ஒட்டியிருந்த பொருக்கைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கண் அறுவையையும் அடுப்பு படுத்ததையும் சொன்னார். "எம் மகளுக்கு நேத்து வரைக்கும் தெரியாது. தப்பு என் வேட்டியோடது. தாள் தண்ணியில மட்டும் ஓடும்ங்கிறதுக்கு இந்த வீடு சாட்சியில்ல. அவ்வளவுதான்."

கீழே தெருவில் ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. ஜெபராஜ் பொருக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, ஆவுடையப்பன் சற்றும் எதிர்பாராத விதமாக, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார்.

"கஞ்சியா! மேடம், ஒரு தொட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கஞ்சி வேணும்?"

செண்பகம் மெல்லத் திரும்பினாள். "ஒரு... ஒரு குடும்பத்துச் சோத்துல வடியிறதே போதும். தாராளமா. ஆனா அப்ப அது தண்ணியில இருந்து எடுத்த..."

"அந்தச் சண்டையெல்லாம் உங்க பத்திரிகையில போட்டுக்குங்க. எனக்கு அடுப்பு எரியணும். எரியுது. வீட்டுக்கு வீடு சோறு வடிக்கிறாங்க, கஞ்சிய சாக்கடையில ஊத்துறாங்க. அதத் தொட்டியில ஊத்தட்டும். புனாக்காரன் சாராயம் கேக்குறான். நமக்கு ஓசிக் கஞ்சி! இதவிட வேறென்ன வேணும்? மேடம், மத்த வீட்டுல தாள் ஏன் படுத்துச்சுங்கிற கேள்விக்கும் இதுதானே பதில்?"

"ஆமா" என்றாள் செண்பகம். "ஆமா. அதுக்கும் இதான் பதில்." பிழிந்து போட்ட துணி போலிருந்த அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை ஆவுடையப்பன் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார். ஆனால் சந்தோஷம் வரவில்லை. மாடத்தியின் திறந்த வாசல்தான் கண்முன் வந்தது. கஞ்சியைக் குடித்தால் அடுப்பு எரியாது. அடுப்பு எரிந்தால் குடிக்கக் கஞ்சி இருக்காது. சிலிண்டரும் போய்விட்டிருக்கும்.

"கஞ்சிய எல்லாரும் சாக்கடையில ஊத்துறதில்ல" என்றார்.

"என்ன ஐயா?"

"குடிக்கிறவங்க இருக்காங்க. பசிக்கு."

ஜெபராஜ் சங்கடமாகச் சிரித்தார். "அது பஞ்சகாலக் கதை ஐயா. ரேஷன்ல அரிசி போடுறோம், இப்ப யாரு கஞ்சி குடிக்கிறா?"

"குடிக்கிறாங்க. எனக்குத் தெரியும்."

அந்த இளம் அதிகாரி விரலைப் பலகைமேல் வைத்துக் காத்திருந்தாள். "அப்படி இருந்தா சிலிண்டரை நிறுத்தக் கூடாதுன்னு நாம குறிப்பு எழுதணும் சார். யார் வீடுன்னு ஒண்ணு ரெண்டு பேராவது சொன்னா எழுதிடலாம்."

அந்த நேரத்தில்தான் மாடத்தி காபித் தட்டோடு படியேறி வந்தாள். குழு வருகிறதென்று நல்ல சேலை உடுத்திப் பூ வைத்திருந்தாள். ஜெபராஜ் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, "இவங்களையே கேட்டாப் போச்சு" என்றார். "ஏம்மா, உங்க வீட்டுல, உங்க தெருவுல எல்லாம் கஞ்சி குடிக்கிறது உண்டா? சோத்துக்குப் பதிலா?"

மாடத்தி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பேசிக்கொண்டிருந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. யாரோ வெளியூர் அதிகாரிகள், கையில் எழுதுகிற பலகை, நீ சோறு தின்கிறாயா என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. தட்டைப் பிடித்திருந்த கை அசையவில்லை. முதுகு நிமிர்ந்தது.

"எதுக்கு அய்யா கஞ்சி குடிக்கோம்? எங்க வீட்ல ஒருத்தரும் தொடமாட்டாக. எம் பிள்ளைகளுக்குச் சோத்துக்கு நெய்யி இல்லன்னா எறங்காது. கஞ்சிய மாட்டுக்குக் குடுப்போம்."

"மாடு வச்சிருக்கீங்களா?"

"மாட்ட வித்தாச்சு. இப்பக் கீழதான் ஊத்துதோம்."

"பாத்தீங்களா ஐயா" என்றார் ஜெபராஜ்.

செண்பகம் தந்தையைப் பார்த்தாள். இளம் அதிகாரியும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த வாசலில் தான் பார்த்ததை அவர் சொன்னால் இவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவருடைய சொல்லை யாரும் மறுநிறை போட்டுப் பார்க்கமாட்டார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

மாடத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. கண்ணில் ஈரம் இல்லை. தெருவில் நடந்து போகும்போது அவர் எப்படி நிமிர்ந்திருப்பாரோ அப்படி நிமிர்ந்து நின்றாள். தன் வீட்டுக் குற்றத்தைத் தன் வாயால் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சொல்லியும் விட்டார். அவளுடைய வீட்டு அடுக்களையை நாலு பேர் முன்னால் திறந்து காட்ட யார் அவருக்கு உரிமை கொடுத்தது? திறக்காவிட்டால் எத்தனை அடுக்களையில் அடுப்பு அணையும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. இந்த இரண்டையும் வைத்து நிறுக்க அவரிடம் தராசு இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டார். இளம் அதிகாரி எதையோ பதிந்துவிட்டுப் பலகையை அணைத்தாள்.

அவர்கள் போன பிறகு செண்பகம் மாடியிலேயே நின்று தொலைபேசியில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். படிக்கிற காலத்துக் குரல் திரும்பியிருந்தது. கஞ்சியில் எந்தப் பங்கு தாளுக்குப் போகிறது, அரிசி மாறினால் என்ன ஆகும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். ஆவுடையப்பன் மெல்லக் கீழே இறங்கினார். ஒவ்வொரு படியிலும் வேட்டி காலைத் தடுத்தது.

சமையலறையில் மாடத்தி சோற்றை வடித்து நிமிர்த்தினாள். கஞ்சி ஆவி பறக்கச் சட்டியில் நிறைந்திருந்தது. தூக்குவாளியை அவள் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. சட்டியைப் பிடிதுணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள்.

"மாடத்தி."

"என்ன அய்யா?"

"வாளிய விட்டுட்டுப் போறியே."

அவள் திரும்பவில்லை. "அது ஓட்டையாப் போச்சி அய்யா. நாளைக்குத்தான் கொண்டுபோயி அடைக்கணும். இதத் தாளுக்கு ஊத்தச் சொன்னாக அக்கா, ஊத்திட்டு வாறேன்."

மேலே ஓடையில் கஞ்சி விழுகிற சத்தம் கேட்டது. மகள் என்னவோ சொல்ல, மாடத்தி அதற்குச் சிரித்ததும் கேட்டது. வாளி ஆணியில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. வாழ்நாளெல்லாம் பிறர் சொன்னதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே பழகியவர், அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அவள் இறங்கி வந்ததும், "சரி, அடைச்சுக்கோ" என்றார்.